ஃபோக்ஸ்வேகன்: யாருடைய அனுபவம்?

1

கார் கம்பெனிகளைப் பற்றிய வரலாறுகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே இலக்கணத்தில்தான் எழுதப்படுகின்றன. முதல் பாதி ஸ்தாபகருக்கும் பொறியாளருக்கும் உரியது. பிடிவாதக்காரரான ஒரு மேதை, அவர் வரைந்த முதல் படம், பணம் தர மறுத்த வங்கி, பிறகு வெற்றி. இரண்டாம் பாதி சொந்தக்காரர்களுக்கு. 'இருபது வருஷமா வச்சிருக்கேன், ஒருநாள்கூட நடுரோட்டுல விட்டதில்ல' என்கிற மாதிரியான சாட்சியங்கள். முதல் பாதி பிராண்டுக்கு வம்சாவளியைத் தருகிறது, இரண்டாம் பாதி உயிரைத் தருகிறது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு ஆள், இரும்பைத் தொட்ட ஆள், இருந்தாக வேண்டுமே? அவர் பிரதிக்குள் வருவதில்லை. வந்தால் எண்ணிக்கையாக வருகிறார்.

நம் ஆசான்களும் இதற்கு விதிவிலக்கில்லை. ரோலான் பார்த் சித்ரோவன் டி.எஸ். காரைப் பற்றி எழுதிய சிறு கட்டுரை 1957இல் வந்த 'மித்தாலஜீஸ்' தொகுப்பில் இருக்கிறது. கார்களை அவர் கோதிக் தேவாலயங்களோடு ஒப்பிடுகிறார். கண்காட்சிக்கு வந்த கூட்டம் தகட்டையும் இருக்கையையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதை அருமையாக விவரிக்கிறார். பண்டம் எப்படித் தொன்மமாகிறது என்று புரிந்துகொள்ள அந்தச் சில பக்கங்கள் போதும். ஆனால் கட்டுரை கண்காட்சிக் கூடத்தை விட்டு வெளியே வருவதில்லை. அங்கே தொடுகிற கைகள் எல்லாம் வாங்கப்போகிறவர்களின் கைகள், அல்லது வாங்க ஆசைப்படுகிறவர்களின் கைகள். தோழர்கள் கொண்டாடுகிற பிரெக்ட் மட்டும் என்ன? 1920களின் பின்பாதியில் ஸ்டெயர் கம்பெனியின் கார்களைப் புகழ்ந்து ஒரு கவிதை எழுதிக் கொடுத்து, பதிலுக்கு ஒரு கார் வாங்கிக்கொண்டவர் அவர். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே சொந்தக்காரனின் குரல் எவ்வளவு சுலபமாக நம் வாயில் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இதைச் சோதித்துப் பார்க்க ஃபோக்ஸ்வேகனைவிடப் பொருத்தமான பிராண்டு ஐரோப்பாவில் இல்லை. உலகத்தில் அதிகம் நேசிக்கப்பட்ட கார்களில் ஒன்று அதன் 'பீட்டில்', அந்த வண்டு. அது பிறந்ததோ நாஜிகளின் வீட்டில். ஒரே பொருள் எப்படி இரண்டாகவும் இருக்க முடிந்தது?

2

பெயரிலிருந்தே தொடங்கலாம். ஜெர்மனில் 'ஃபோல்க்' என்றால் மக்கள், 'வாகன்' என்றால் வண்டி. மக்கள் வண்டி. 1930களின் ஜெர்மனியில் இந்த 'மக்கள்' அப்பாவிச் சொல் அல்ல. ரத்தத்தை வைத்து வேலி போடப்பட்ட சொல். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கார் என்கிற திட்டத்தை ஹிட்லர் அறிவித்தார். ஃபெர்டினாண்ட் போர்ஷே 1934இல் வடிவமைக்க ஒப்பந்தமானார். விலை 990 மார்க் என்று நிர்ணயிக்கப்பட்டது. தொழிற்சாலைக்கு 1938 மே 26இல் ஃபாலர்ஸ்லேபன் அருகே அடிக்கல் நாட்டினார்கள். அதே வருஷம் டிசம்பரில் யூதர்களின் ஓட்டுநர் உரிமங்கள் செல்லாதவை என்று உத்தரவு வந்தது. அடிக்கல்லையும் உத்தரவையும் சேர்த்து வாசித்தால்தான் 'மக்கள் வண்டி' என்கிற சொல்லுக்கு அகராதிப் பொருள் கிடைக்கும். யார் மக்கள் என்பதை யார் ஓட்டலாம் என்பதைக் கொண்டே தீர்மானித்தார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? 1933 மே 2இல் நாஜிகள் தொழிற்சங்க அலுவலகங்களில் புகுந்து, தலைவர்களைப் பிடித்து, சொத்துக்களைப் பறிமுதல் செய்தார்கள். சங்கங்களின் இடத்தில் 'ஜெர்மன் உழைப்பு முன்னணி' என்கிற அரசு அமைப்பு உட்கார்ந்தது. 1937 மே 28இல் ஃபோக்ஸ்வேகன் கம்பெனியைத் தொடங்கியது இந்த முன்னணிதான். பறித்த சங்கச் சொத்துக்களை விற்ற பணம் தொழிற்சாலைக்குள் போயிற்று. சந்தா கட்டித் தொழிலாளர்கள் எழுப்பிய சங்கக் கட்டடங்களின் விலையில், தொழிலாளருக்குச் சங்கமே இல்லாத ஒரு தொழிற்சாலை எழுந்தது.

காருக்கு அப்போது வைத்த பெயர் 'கே.டி.எஃப். வண்டி'. முன்னணியின் பொழுதுபோக்குத் துறையான 'மகிழ்ச்சியின் வழியே வலிமை' என்பதன் சுருக்கம் அது. வாங்க விரும்புகிறவர் வாரம் குறைந்தது 5 மார்க் கட்டி, தபால்தலை மாதிரியான ஒரு வில்லையை வாங்கி அட்டையில் ஒட்டிக்கொண்டே வரவேண்டும். வட்டி கிடையாது. நடுவில் விட்டால் கட்டின பணம் போச்சு. ஏறக்குறைய 3,36,000 பேர் இப்படி ஒட்டினார்கள். அவர்களில் தொழிலாளர்கள் சிறு பங்குதான், பெரும்பாலும் நடுத்தர வர்க்கம். போர் வந்தது, தொழிற்சாலை ராணுவ வண்டிகளுக்குத் திரும்பியது. கட்சிப் பெரிய மனிதர்களுக்கென்று சில நூறு கார்கள் வந்தன. அட்டையில் ஒட்டினவர்களில் ஒருவருக்குக்கூட வண்டி வரவில்லை.

இந்தப் பிராண்டின் சொந்தக்காரர் என்கிற தன்னிலை, கார் கைக்கு வருவதற்கு முன்னாலேயே கட்டமைக்கப்பட்டுவிட்டதைக் கவனிக்க வேண்டும். வெறும் அட்டையை வைத்துக்கொண்டே மூன்று லட்சம் பேர் தங்களைக் கார் வைத்திருப்பவர்களாகப் பார்த்துக்கொண்டார்கள்.

3

அந்த நாட்களில் தொழிற்சாலைக்குள் இருந்தது யார்? போர்க்காலம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 20,000 பேர் அங்கே கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டார்கள். போலந்துப் பெண்கள், சோவியத் போர்க்கைதிகள், பிரெஞ்சுக்காரர்கள், இத்தாலிய ராணுவக் கைதிகள், வதைமுகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், ஹங்கேரிய யூதர்கள். 1942இல் சில மாதங்கள் வளாகத்துக்குள்ளேயே ஒரு வதைமுகாம் இருந்தது. அதன் பெயர் 'அர்பைட்ஸ்டார்ஃப்', 'உழைப்புக் கிராமம்' என்று பொருள். ராணுவத்துக்கான கூபல்வாகன் என்கிற திறந்த வண்டியும், வி-1 பறக்கும் குண்டுகளுக்கான பாகங்களும் இவர்கள் கையால் ஆனவை. அப்போது நிர்வாகத்தை நடத்தியவர் போர்ஷேயின் மருமகன் அன்டோன் பீயெக்.

தமிழ் படித்தவன் என்கிற முறையில் ஒரு சொல்லில் என்னால் நிற்காமல் போக முடியவில்லை. தமிழில் மக்கள் என்றால் சனங்கள் மட்டுமல்ல, பெற்ற பிள்ளைகளும்தான். மக்கட்பேறு என்கிறோம். அந்தப் போலந்து, சோவியத் பெண்களுக்குப் பிள்ளைகள் பிறந்தன. தாய்மார் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகக் குழந்தைகளைப் பிரித்துத் தொழிற்சாலையின் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றில் வைத்தார்கள். 1944இல் அது ரூயன் என்கிற கிராமத்துக்கு மாற்றப்பட்டது. பூச்சியும் நோயும் பசியுமாக, 300க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகள் செத்துப்போயின. பொறுப்பிலிருந்த தொழிற்சாலை மருத்துவர் ஹான்ஸ் கோர்பெலை பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. 1947இல் தூக்கிலிட்டார்கள். 'மக்கள் வண்டி'யின் வரலாற்றில் இந்த மக்களுக்கு நெடுங்காலம் ஒரு வரிகூட இல்லை.

4

1945க்குப் பிறகு நடந்ததைக் கம்பெனிக் கதையாடல் 'அதிசயம்' என்கிறது. ஊருக்கு வொல்ஃப்ஸ்பர்க் என்று பெயர் மாற்றினார்கள். தொழிற்சாலை பிரிட்டிஷ் ராணுவத்தின் கையில் இருந்தது. மேஜர் ஐவன் ஹெர்ஸ்ட் என்கிற பொறியாளர் அதை ஓடவைத்தார், ராணுவமே 20,000 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1948 ஜனவரியில் ஹைன்ரிஷ் நோர்டாஃப் தலைமை இயக்குநரானார். போர்க்காலத்தில் ஓபல் கம்பெனியின் பிராண்டன்பர்க் லாரித் தொழிற்சாலையை நடத்தியவர். அங்கேயும் கட்டாய உழைப்பு இருந்தது. அமெரிக்கர்கள் தங்கள் பகுதியில் அவருக்கு வேலை தர மறுத்தார்கள், பிரிட்டிஷ்காரர்கள் தந்தார்கள். 1955 ஆகஸ்டில் பத்து லட்சமாவது வண்டு வெளியே வந்தது.

வண்டி அப்படியேதான் இருந்தது. அதே வளைந்த முதுகு, பின்னால் உட்கார்ந்திருக்கிற காற்றால் குளிர்கிற எஞ்சின். மாறினது கதை. மாற்றியவர்களில் முக்கியமானவர்கள் நியூயார்க்கின் டாய்ல் டேன் பெர்ன்பாக் விளம்பர நிறுவனத்தார். 1959இல் அவர்கள் தொடங்கிய வரிசையை விளம்பரக் கல்லூரிகளில் வேதம் மாதிரி பாடம் நடத்துகிறார்கள். வெள்ளைப் பக்கத்தின் ஓரத்தில் குட்டியாகக் கார், கீழே 'திங்க் ஸ்மால்'. நிறுவனத்தின் பில் பெர்ன்பாக் யூதர் என்பதை எல்லோரும் வியந்து சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 'லெமன்' என்கிற இன்னொரு விளம்பரம். நம்மூரில் புது வண்டியின் சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குகிறோம். அமெரிக்கப் பேச்சில் 'லெமன்' என்றால் தேறாத வண்டி. படத்திலிருக்கிற கார் கையுறைப் பெட்டியின் குரோமியப் பட்டையில் ஒரு சின்னக் கறைக்காகத் தள்ளுபடி செய்யப்பட்டது என்கிறது விளம்பரம். வொல்ஃப்ஸ்பர்க்கில் 3,389 பேருக்குச் சோதிப்பது மட்டுமே வேலை என்று சேர்க்கிறது.

தொழிலாளி இங்கே பிரதிக்குள் வந்துவிட்டார். எப்படி வருகிறார்? நான்கு இலக்க எண்ணாக, வாங்குகிறவருக்காகக் கறை தேடுகிற கண்ணாக. பதினைந்தே வருஷத்துக்கு முன் அதே கூரையின் கீழ் இருந்தவர்களின் எண்ணிக்கை வேறு, அந்தக் கறை வேறு. விளம்பரம் பொய் சொல்லவில்லை என்பதுதான் அதன் சாமர்த்தியம். உண்மையான ஒரு எண்ணைச் சொல்லி இன்னொரு எண்ணை மௌனமாக்கிவிடுகிறது.

மிச்ச வேலையைச் சொந்தக்காரர்களே செய்தார்கள், கூலி வாங்காமல். வண்டின் சொந்தக்காரர்கள் சொல்கிற கதைகளைப் படித்தால் ஒன்று தெரியும். அவர்கள் வண்டியின் குறைகளைத்தான் அதிகம் கொஞ்சுகிறார்கள். 1960களின் தொடக்கம்வரை அதில் பெட்ரோல் முள் கிடையாது. எஞ்சின் திணறும்போது காலால் ஒரு குமிழைத் திருப்பினால் ஏறத்தாழ 5 லிட்டர் சேமிப்பு திறக்கும். திருப்பி வைக்க மறந்தவன் அடுத்த முறை நடந்து போவான். எஞ்சின் சூட்டிலிருந்து வருகிற ஹீட்டர், குளிரில் கண்ணாடியின் உள்பக்கமே பனி சுரண்ட வைக்கும். பிந்தைய வண்டிகளில் முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சுவதற்கு உபரி டயரிலிருந்து காற்று எடுத்தார்கள். இந்தக் குறைகள் ஒவ்வொன்றும் ஒரு குடும்பக் கதை. குறையோடு நேசிக்கப்படுகிற பொருளுக்குக் குழந்தைத்தனம் வந்துவிடுகிறது. குழந்தைக்கு ஏது முன்வரலாறு? 1968இல் டிஸ்னி 'லவ் பக்' எடுத்தபோது வண்டுக்கு 'ஹெர்பி' என்று பெயரும் சுயபுத்தியும் கொடுத்தார்கள். 1972 பிப்ரவரியில் 1,50,07,034ஆவது வண்டோடு ஃபோர்டின் மாடல் டி சாதனை முறிந்தபோது, ஹிட்லரின் கார் என்பது ஒரு வினாடிவினாக் கேள்வியாகச் சுருங்கியிருந்தது.

இதில் ஒரு விதிவிலக்கைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 1969இல் ஜான் மூர் என்கிற முன்னாள் பொறியாளர், வண்டை நாமே பழுதுபார்ப்பதற்கு ஒரு கையேடு எழுதினார். ஒன்றும் தெரியாத ஆளை மனதில் வைத்துப் பேச்சு நடையில் எழுதப்பட்டது. பீட்டர் ஆஷ்வாண்டனின் கோட்டுச் சித்திரங்களுடன் அமெரிக்க மாற்றுக் கலாச்சார இளைஞர்கள் கையில் கிரீஸ் படியப் புழங்கியது. அங்கே சொந்தக்காரர் முதல்முறையாக வண்டிக்கு அடியில் படுக்கிறார். போல்ட்டின் முறுக்கம், வால்வு இடைவெளி, கை எட்டாத மூலை எல்லாம் மொழிக்குள் வருகின்றன. செய்தவருக்கும் வைத்திருப்பவருக்கும் நடுவிலுள்ள சுவர் கொஞ்சம் மெலிகிறது. ஆனால் அந்தக் கையேடும் வண்டியை வொல்ஃப்ஸ்பர்க்குக்குத் திரும்ப அழைத்துப் போவதில்லை.

5

இப்போது நியாயக் கணக்கைப் பார்ப்போம். என் வாதம் இங்கேதான் நிற்கிறது.

அட்டையில் வில்லை ஒட்டி ஏமாந்தவர்கள் போருக்குப் பின் சங்கம் அமைத்து வழக்குத் தொடுத்தார்கள். கோர்ட்டு கோர்ட்டாக ஏறி 1961இல் சமரசம் ஏற்பட்டது. புது ஃபோக்ஸ்வேகன் வாங்கினால் அதிகபட்சம் 600 மார்க் தள்ளுபடி, இல்லையென்றால் 100 மார்க் வரை ரொக்கம். சொற்பம்தான். ஆனாலும் அவர்கள் கேட்கப்பட்டார்கள், அவர்களது இழப்புக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருந்தது. கட்டாய உழைப்பாளிகளுக்கு? ஹான்ஸ் மோம்ஸனும் மன்ஃப்ரெட் க்ரீகரும் கம்பெனியின் ஏற்பாட்டில் ஆராய்ந்து எழுதிய சுமார் ஆயிரம் பக்க நூல் 1996இல் வந்தது. உயிரோடிருந்தவர்களுக்கு உதவ 2 கோடி மார்க் நிதியைக் கம்பெனி அறிவித்தது 1998இல். தொழிற்சாலையின் பதுங்குகுழி ஒன்றில் நினைவிடம் திறந்தது 1999இல். வராத காருக்கும் பறிக்கப்பட்ட உழைப்புக்கும் இடையில் 37 வருஷம். அதற்குள் எத்தனை பேர் மண்ணுக்குள் போயிருப்பார்கள்?

பிரேசிலில் வண்டுக்கு 'ஃபுஸ்கா' என்று செல்லப் பெயர். சாவோ பெர்னார்டோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஃப்ரான்ஸ் ஸ்டாங்கல், ட்ரெப்ளிங்கா கொலைமுகாமின் தளபதி. 1967இல்தான் பிடிபட்டார். 1964 முதல் 1985 வரை நீடித்த ராணுவ ஆட்சிக்கு ஆலையின் பாதுகாப்புப் பிரிவு தொழிலாளர்களைக் காட்டிக்கொடுத்தது. 1972இல் லூசியோ பெல்லென்டானி என்கிற தொழிலாளியை ஆலைக்குள்ளேயே பிடித்து அடித்தார்கள். 2020இல் கம்பெனி ஏறத்தாழ 3.6 கோடி ரெயால் தர ஒப்புக்கொண்டது. அமேசானில் ஏறத்தாழ 1,40,000 ஹெக்டேரில் கம்பெனி நடத்திய மாட்டுப் பண்ணையில் நடந்த கொத்தடிமைக் கொடுமைகளைப் பாதிரியார் ரிக்கார்தோ ரெசெந்தே பல ஆண்டுகளாகப் பதிவுசெய்து வைத்திருந்தார். 2025 ஆகஸ்டில் தொழிலாளர் நீதிமன்றம் 16.5 கோடி ரெயால் தரச் சொன்னது. கம்பெனி மேல்முறையீடு செய்வதாக அறிவித்தது.

மெக்சிகோவில் அதே வண்டு 'வோச்சோ'. தலைநகரில் பச்சை வெள்ளை டாக்சியாக, முன்பக்கப் பயணி இருக்கையைக் கழற்றிவிட்டு ஓடியது. ஓட்டியவர்களில் பலர் வண்டியின் சொந்தக்காரர்கள் அல்ல, அன்றாடம் வாடகை கட்டி எடுத்தவர்கள். நாள் முழுக்க அந்த ஹீட்டரையும் கிளட்ச்சையும் உடம்பால் அறிந்தவர்கள் அவர்கள். 2003 ஜூலை 30இல் பூயெப்லாவில் மரியாச்சி இசையோடு கடைசி வண்டு, 2,15,29,464ஆவது, இறங்கியது. அதை வொல்ஃப்ஸ்பர்க் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள்.

2015 செப்டம்பரில் டீசல் மோசடி வெளிப்பட்டது. சோதனைக்கூடத்தில் மட்டும் புகையை அடக்கி, ரோட்டில் திறந்துவிடுகிற மென்பொருள், உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டிகளில். அமெரிக்காவில் 2016 சமரசத்தின்படி வண்டிகளைத் திரும்ப வாங்கி, சொந்தக்காரர்களுக்கு நஷ்டஈடும் தந்தார்கள். சுற்றுச்சூழலுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கியதும் உண்மை. ஆனால் 'நான் ஏமாற்றப்பட்டேன்' என்று பெயர் சொல்லிப் பேச இடம் கிடைத்தது வண்டி வைத்திருந்தவருக்கு. புகையைச் சுவாசித்தவருக்கு முகமில்லை. சுவாசித்தவர் என்கிற பாத்திரத்தில் பின்னால் வெளிச்சத்துக்கு வந்தவை பத்துக் குரங்குகள். 2014இல் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் டீசல் பீட்டிலின் புகையை அவற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். அந்த ஆய்வுக்குப் பின்னால் இருந்தது ஜெர்மன் கார் கம்பெனிகள் நிதி கொடுத்த அமைப்பு. 2018 ஜனவரியில் செய்தி வெளியானது.

6

நம்மிடம் 'அனுபவம்' என்று ஒரு சொல் இருக்கிறது. இலக்கியத்தில் அதைத் தொட்டால் தீட்டு என்கிற அளவுக்குப் புனிதமாக்கி வைத்திருக்கிறோம். 'அனுபவம் பேசுதுய்யா, உங்க கோட்பாடெல்லாம் என்ன?' என்று எத்தனை கூட்டங்களில் வாயை அடைத்திருக்கிறார்கள். இந்தச் சொல் புழங்குகிற இன்னொரு இடம் ரிஜிஸ்தர் ஆபீஸ். கிரயப் பத்திரத்தைப் புரட்டிப் பாருங்கள். 'சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்றிருக்கும். அங்கே அனுபவம் என்றால் உடைமை. வைத்திருப்பவனே அனுபவிப்பவன். கார் சொந்தக்காரரின் 'அனுபவக் கதை' இந்தப் பத்திர அர்த்தத்தில் எழுதப்படுவது. இலக்கியப் பக்கத்திலும் அதே அர்த்தம் ரகசியமாக உட்கார்ந்திருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

அனுபவத்தைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்த பிறகு அப்படிச் சொல்கிறவன் முட்டாள். ஆனால் தமிழிலேயே இன்னொரு சொல் இருக்கிறது, பட்டறிவு. பட்டவனின் அறிவு. கஷ்டத்தையும் 'அனுபவித்தான்' என்றுதான் சொல்கிறோம், தெரியும். இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. ஒன்று கையில் வைத்திருப்பதிலிருந்து வருகிறது, மற்றது மேலே விழுந்ததிலிருந்து வருகிறது. ஒரு பிராண்டின் வரலாறு அனுபவங்களால் நிறைந்து வழிகிறபோது அதன் பட்டறிவு எங்கே என்று கேட்பதுதான் விமர்சனத்தின் வேலை. ஃபோக்ஸ்வேகனுக்கு அது இருந்த இடங்கள் ராணுவ நீதிமன்றக் கோப்பு, பாதிரியாரின் பதிவுகள், கம்பெனியே எழுதச் சொன்ன ஆயிரம் பக்க நூல். அந்த நூலின் க்ரீகர் 2016இல் கம்பெனியை விட்டு வெளியேறினார், ஆடி கம்பெனியின் நாஜிக் காலம் பற்றிய ஒரு ஆய்வை விமர்சித்த பிறகு. எழுதினவருக்கே இந்த நிலைமை.

இது ஜெர்மன் விவகாரம் என்று மூடி வைத்துவிட முடியாது. சென்னைக்கு அருகே 2007இல் பி.எம்.டபிள்யூ. ஆலை திறந்தது, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். நம் பத்திரிகைகளின் வாகனப் பக்கங்களில் அந்தக் கார்களின் இருக்கை, மைலேஜ், பெட்டி இடம் எல்லாம் ஓட்டினவர்களின் வாயால் எழுதப்பட்டுவிட்டன. அந்தப் பகுதி ஆலைகளில் ஒப்பந்தத்தில் நின்று ஷிஃப்ட் பார்த்தவர்களின் வாயால் ஒரு காரைப் பற்றி எழுதப்பட்ட பக்கம் எது? கவிஞர்களும் சங்கத் தோழர்களும் சேர்ந்து வாசிக்கிற பத்திரிகை இது. அந்தப் பக்கத்தை எழுதி வாங்கும் பொறுப்பு வேறு யாருக்கு இருக்கிறது?